எங்கட குழு உங்கட கடை அல்ல

“நானே பாவிச்சுப் பார்த்தனான். உண்மையாவே நல்லம்.”

உங்கள் அம்மாவின் வட்ஸ்அப்பைத் திறந்தால் இந்த வசனம் ஏதாவது ஒரு குழுவில் கட்டாயம் கிடக்கும். முகத்துக்குப் பூசும் கிறீம், செலெக்டிவ் பரீட்சைக்கான வகுப்பு, புதுப் புறநகரில் காணி, வீட்டுக் கடன், விசா ஆலோசனை, எதைப் பற்றியதாகவும் இருக்கலாம். கீழே நாலு இதயம், இரண்டு “நன்றி அக்கா”, ஒரு “விலை என்ன?”. பத்து நிமிடத்தில் தொலைபேசி இலக்கம் வரும். “எங்கட ஆக்களுக்கு மட்டும்” என்று ஒரு கழிவும் வரும். உங்களுடைய இன்ஸ்ரகிராமிலும் இதே சமாச்சாரம்தான் ஓடுகிறது. வெளிச்சம் கொஞ்சம் அழகாக இருக்கும், பாட்டு கொஞ்சம் நல்லதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டிலும் வராத தகவல் ஒன்று இருக்கிறது: சொல்பவருக்கு இதனால் என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு விற்பனைக்கும் அவருக்குப் பங்கு உண்டா? வகுப்பு நடத்துபவர் அவருடைய மச்சானா? கிறீம் இலவசமாக வந்ததா? ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டார்கள். எழுதினால் விற்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். சொல்லாமல் விற்பவர், எங்கள் எல்லோருக்கும் சொந்தமான ஒன்றை எடுத்து விற்கிறார். அவருடைய பொருளை நாங்கள் வாங்கலாம், விடலாம். ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் நம்பிச் சேர்த்து வைத்த நம்பிக்கை பொதுச் சொத்து. ஊர்க் கிணற்றில் தன் வீட்டுக் குழாயைப் பூட்டித் தண்ணீர் விற்கிறவனை ஊர் என்ன சொல்லும்? அதையேதான் இவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

கிணற்றை வெட்டியது யார்?

2021 கணக்கெடுப்பில், வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று இந்த நாட்டில் சொன்னவர்கள் 95,000 பேருக்கு மேல். மிகப் பெரிய பகுதி சிட்னியிலும் மெல்பேர்ணிலும்தான். இவ்வளவு பேரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கத்தான் இந்தக் குழுக்கள் தொடங்கின. புதிதாக வந்து இறங்கிய மாணவனுக்கு அறை தேட, வென்ற்வேர்த்வில் கடையில் முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று கேட்க, மேய்ஸ் ஹில் முருகன் கோயில் தேர் எந்த நாள் என்று அறிய, கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகிற காரில் ஒரு இடம் பிடிக்க, பிள்ளை பெற்ற வீட்டுக்கு முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோக.

இதற்கெல்லாம் பதில் எழுதியவர்கள் ஒரு சதமும் வாங்கவில்லை. ஆயிரம் தடவை இப்படிச் சும்மா வந்த பதில் சரியாக இருந்ததால்தான், ஆயிரத்தோராவது தடவை ஒருவர் “நல்லம்” என்று சொல்லும்போது அம்மா யோசிக்காமல் நம்புகிறார். மறைத்து விற்பவர் சுரண்டுவது அந்த ஆயிரம் பதில்களை. அவற்றில் ஒன்றைக்கூட அவர் எழுதியிருக்கத் தேவையில்லை.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் பழைய தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கங்களில் பலசரக்குக் கடை, நகைக் கடை, கணக்காளர், சட்டத்தரணி, பயண முகவர் எல்லோரும் இருப்பார்கள். அரைப்பக்கம், முழுப்பக்கம், “வாழ்த்துகிறோம்” என்று ஒரு வரி. பார்த்தவுடனே அது விளம்பரம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர் காசு கொடுத்தார், மலர் அச்சானது, கடையின் பெயர் நாலு வீட்டுக்குப் போனது. ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு எல்லைக் கோடு இருந்தது. இப்போது அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள். விளம்பரம் இப்போது அன்ரியின் குரலில் பேசுகிறது.

மெல்பேர்ணில் நடந்தது

“இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?” என்று கேட்பவர்களுக்கு, எங்கள் நகரத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பெல் கிப்சன் என்ற மெல்பேர்ண் பெண் தனக்கு மூளைப் புற்றுநோய் என்று இன்ஸ்ரகிராமில் எழுதினார். வழமையான சிகிச்சையை விட்டுவிட்டு உணவாலும் இயற்கை முறைகளாலும் தன்னைக் குணப்படுத்திக்கொள்வதாகச் சொன்னார். 2013 இல் ‘த ஹோல் பான்ட்ரி’ என்ற செயலியை வெளியிட்டார். அதே பெயரில் பெங்குவின் நிறுவனம் புத்தகம் போட்டது. அப்பிள் தன்னுடைய புதிய கைக்கடிகாரத்துக்கு அந்தச் செயலியையும் தேர்ந்தெடுத்தது. 2015 மார்ச்சில், அவர் கொடுப்பதாகச் சொன்ன நன்கொடைகள் போய்ச் சேரவில்லை என்பதை ‘த ஏஜ்’ பத்திரிகையாளர்கள் வெளியில் கொண்டுவந்தார்கள். ஏப்ரலில் அவரே ‘விமன்ஸ் வீக்லி’ சஞ்சிகையிடம், சொன்னது எதுவும் உண்மையில்லை என்று ஒப்புக்கொண்டார். அவருக்குப் புற்றுநோய் இருந்ததே இல்லை.

2017 செப்ரெம்பரில் பெடரல் நீதிமன்றம் அவருக்கு விதித்த அபராதம் 410,000 டொலர். அதில் மிகப் பெரிய பங்கு, 150,000 டொலர், எதற்காக என்று தெரியுமா? மூளைக் கட்டியுள்ள ஒரு சிறுவனின் குடும்பத்துக்கு ஒரு வாரச் செயலி விற்பனையை அப்படியே கொடுப்பதாக விளம்பரம் செய்துவிட்டுக் கொடுக்காமல் விட்டதற்காக. அந்தச் சிறுவனின் நோய் உண்மை. அதைக் காட்டித் தன் பெயரை வளர்த்தார்.

இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் அவர் எவ்வளவு பெரிய பொய்க்காரி என்றுதான் பேசுகிறார்கள். நான் யோசிப்பது அவருடைய பதிவுகளைப் பகிர்ந்தவர்களைப் பற்றி. அவர்களில் எத்தனையோ பேர் உண்மையான நோயாளிகள், அவர்களைப் பராமரித்தவர்கள். இரவில் தூக்கம் வராமல் தங்களைப் போன்ற ஒருவரைத் தேடி வந்தவர்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் நண்பர்களின் நம்பிக்கையையும் இலவசமாகக் கொடுத்து அந்தப் பொய்யை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய பதிப்பகமும் பெரிய கணினிக் கம்பனியும் அவருடைய நோயை ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை. இத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதே போதுமான சான்றாகிவிட்டது. பெங்குவினும் பிறகு விக்ரோரியாவின் நுகர்வோர் சட்ட நிதிக்கு 30,000 டொலர் கட்ட வேண்டிவந்தது.

எங்கள் குழுவில் கிறீம் விற்கும் அக்கா பெல் கிப்சன் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஓடுவது ஒரே தண்டவாளத்தில்: “எங்களில் ஒருத்தி சொல்கிறாள், ஆகவே உண்மை.” அந்தத் தண்டவாளத்தில் எது வேண்டுமானாலும் வரும். கிறீமும் வரும், புற்றுநோய் மருந்தும் வரும்.

நல்ல பெயரைச் செய்வது, கெட்ட பெயரை அழிப்பது

தனிநபர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. மெரிட்டன் என்ற பெயர் சிட்னியில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். உயரமான கட்டடங்களின் உச்சியில் எழுதியிருக்கும். அவர்களுடைய தங்ககங்களில் தங்கிப் போனவர்களுக்கு, கருத்து எழுதச் சொல்லி ட்ரிப்அட்வைசர் மின்னஞ்சல் அனுப்பும். 2014 நவம்பரிலிருந்து 2015 ஒக்ரோபர் வரை, கோபத்தோடு போயிருக்கக்கூடியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளில் மேலதிக எழுத்துகளைச் சொருகி அனுப்பியிருக்கிறார்கள். முகவரி பிழை, ஆகவே கடிதம் போகாது. கடிதம் போகாவிட்டால் முறைப்பாடும் வராது. 2018 யூலையில் பெடரல் நீதிமன்றம் விதித்த அபராதம் 3 மில்லியன் டொலர்.

எலெக்ட்ரோட்ரை என்ற தரைவிரிப்புத் துப்புரவு நிறுவனம் இதை மறுபக்கத்தால் செய்தது. வாடிக்கையாளர் எழுதுவது போலப் பொய்ப் பாராட்டுகளை இணையத்தில் போட்டது. தன்னுடைய கிளைகளை நடத்துபவர்களையும் அப்படி எழுதத் தூண்டியது. 2015 இல் 215,000 டொலர் அபராதம். வைத்தியரிடம் நேரம் பதிவுசெய்ய உதவும் ஹெல்த்என்ஜின், நோயாளிகள் எழுதிய கருத்துகளில் சுமார் 17,000 ஐ வெளியிடாமல் விட்டது. சுமார் 3,000 இல் குறை சொல்லும் பகுதிகளை வெட்டியது. இதற்கும், நோயாளிகளின் விவரங்களைப் போதிய அளவு சொல்லாமல் காப்புறுதித் தரகர்களுக்குக் கொடுத்ததற்கும் சேர்த்து 2020 இல் 2.9 மில்லியன் டொலர்.

மூன்று வழக்குகளையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது ஏ.சி.சி.சி என்று எல்லோரும் சொல்லும் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு. இவற்றை நான் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்லதைச் செயற்கையாக உண்டாக்குவதும் கெட்டதைச் சத்தமில்லாமல் அழிப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு கைகள். இப்போது எங்கள் குழுக்களைப் பாருங்கள். “நல்லம்” என்று எழுதச் சொல்லி உறவினர்களைக் கூப்பிடுவது ஒரு கை. “சாப்பாடு பழுதாக இருந்தது” என்று எழுதியவரின் பதிவை அட்மின் அழிப்பது மற்றக் கை.

எனக்கும் இது நடந்தது. ஒரு குழுவில் ஒருவர் ஒரு ரியூஷன் நிலையத்தைப் பற்றி வாரக்கணக்கில் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார். “உங்களுக்கும் அந்த நிலையத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கேள்வி காணாமல் போனது. பிறகு நானும் குழுவில் இல்லை. அன்று பின்னேரமே தெரிந்த ஒருவர் அம்மாவுக்குப் போன் எடுத்து, “உங்கட பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு” என்றார். அம்மா என்னைப் பேசவில்லை. “நீ கேட்டது சரி. ஆனா எல்லாருக்கும் முன்னால கேக்கலாமோ?” என்றார்.

கேட்கலாம் அம்மா. விளம்பரத்தை எல்லாருக்கும் முன்னால்தானே போட்டார்கள்.

அட்மின்மாருக்கும் பக்கம் வைத்து நடத்துபவர்களுக்கும் ஒரு பழைய தீர்ப்பு உதவும். 2011 பெப்ரவரியில் பெடரல் நீதிமன்றம் அலர்ஜி பாத்வே என்ற நிறுவனத்தின் மீது தீர்ப்புச் சொன்னது. அந்த நிறுவனத்தின் பேஸ்புக் பக்கத்தில் மற்றவர்கள் எழுதிய பிழையான பாராட்டுகளைத் தெரிந்துகொண்டும் அழிக்காமல் விட்டதால், அவற்றுக்கு நிறுவனமே பொறுப்பு என்றது. “நான் எழுதவில்லை, சனம் எழுதினது” என்ற சாட்டு அன்றே செத்துப்போனது.

காசு கேட்காத விளம்பரப் பிள்ளைகள்

இனி எங்களைப் பற்றிப் பேசுவோம். அம்மா அப்பா தலைமுறையை மட்டும் குறை சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

2023 சனவரியில் ஏ.சி.சி.சி சமூக ஊடகப் பிரபலங்களை ஆராயப் போவதாக அறிவித்தது. பேஸ்புக்கில் பொதுமக்களிடம் கேட்டது; 150 க்கு மேற்பட்ட தகவல்கள் வந்தன. 118 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், 81 வீதமானவர்களின் பதிவுகள் மக்களைத் தவறாக வழிநடத்தக்கூடியவை என்று அந்த ஆண்டு டிசெம்பரில் அறிக்கை சொன்னது. ஆடை, பாஷன் துறையில் 96 வீதம். நூறு பேரில் நாலு பேர்தான் ஒழுங்கு.

இந்த எண்ணிக்கையில் இருப்பவர்கள் பெரிய ஆட்கள். எங்களிடம் வருவது சின்னக் கடை. “தங்கச்சி, இந்த லெஹங்காவைப் போட்டு ஒரு ரீல் போடுங்கோ, உடுப்பை வைச்சிருங்கோ.” “தம்பி, இந்தக் கோட்டை நண்பர்களுக்குக் கொடுங்கோ, ஒவ்வொரு ஓடருக்கும் உங்களுக்குக் கொஞ்சம்.” அதற்கு ‘பிராண்ட் அம்பாசடர்’ என்று ஒரு பட்டமும் தருவார்கள். பதினேழு வயதில் அந்தச் சொல் இனிக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களைப் பின்தொடரும் எண்ணூறு பேரில் கடைக்கு வேண்டியது யார்? உங்கள் வகுப்புத் தோழி, உங்கள் நடன வகுப்பு அக்கா, உங்கள் சித்தியின் மகள். அவர்கள் உங்களை நம்புவதற்கு எத்தனை வருடம் எடுத்தது? அதை ஒரு உடுப்புக்குக் கொடுக்கிறீர்கள். கடைக்காரருக்கு அது கொள்ளை மலிவு.

வாங்குவது பிழையில்லை. “இந்த உடுப்பைக் கடை எனக்கு இலவசமாகத் தந்தது” என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடுங்கள். கடைக்காரர் அந்த வரியை எழுத வேண்டாம் என்று சொன்னால், அவர் உங்களிடமிருந்து வாங்க வந்தது என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சில பொருள்களில் எழுதினாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். மருந்து, விற்றமின், சத்துமாத்திரை போன்ற சிகிச்சைப் பொருள்களை ஒருவர் காசோ பொருளோ வாங்கிக்கொண்டு “எனக்குச் சுகம் வந்தது” என்று சாட்சி சொல்லி விளம்பரப்படுத்துவதை 2022 யூலை 1 முதல் இந்த நாட்டின் விளம்பர விதிகள் முழுமையாகத் தடுக்கின்றன. உரிமம் இல்லாமல் முதலீட்டு ஆலோசனை சொன்னால் ஐந்து வருடம் வரை சிறை இருக்கிறது என்று அசிக் என்ற கம்பனி ஒழுங்குமுறை ஆணைக்குழு 2022 இலேயே எச்சரித்தது.

“இங்கே வெள்ளைக்காரர்தான் இப்படி” என்று நினைப்பவர்களுக்குத் தமிழிலேயே ஒரு உதாரணம். சென்னையைச் சேர்ந்த பி.ஆர். சுந்தர், பங்குச் சந்தை பற்றிப் பேசி யூரியூப்பில் பெரிய கூட்டத்தைச் சேர்த்தவர். பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை வழங்கியதாக இந்தியாவின் செபி அமைப்பு அவர் மீது நடவடிக்கை எடுத்தது. கட்டணம் வாங்கி நடத்திய ரெலிகிராம் குழு அந்த விசாரணையின் நடுவில் இருந்தது. 2023 மே மாதம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், அவரும் அவரோடு சம்பந்தப்பட்டவர்களும் 46.8 லட்சம் ரூபாய் சமரசத் தொகை கட்டினார்கள். 6 கோடிக்கு மேல் திருப்பிக் கொடுக்கவும், ஒரு வருடம் சந்தையில் வாங்கி விற்காமல் இருக்கவும் சம்மதித்தார்கள். எங்கள் மொழியில் பேசுபவர் என்றவுடன் எங்கள் காவல் ஒரு படி இறங்கிவிடுகிறது. அந்த ஒரு படியில்தான் வியாபாரம் நடக்கிறது.

“எங்கட ஆளை நாங்களே குழப்பலாமோ?”

இந்தக் கேள்வி எப்படியும் வரும். மூன்று உருவத்தில் வரும்.

முதலாவது: “எங்கட சனம் முன்னேற வேண்டாமா?” வேண்டும். முன்னேற வேண்டிய எங்கள் ஆட்களில், ஒழுங்காகச் சமைத்து, ஒழுங்காக வரி கட்டி, பொய்ப் பாராட்டு எழுதுவிக்காமல் கடை நடத்துபவரும் ஒருவர்தானே? பக்கத்துக் கடைக்காரர் மச்சான்மாரைக் கொண்டு ஐம்பது ஐந்து நட்சத்திரம் போடுவித்தால் முதலில் அடிபடுவது அவர்தான். மறைத்து விற்பவரைப் பாதுகாப்பது என்றால், எங்கள் சமூகத்தின் நேர்மையான வியாபாரியைத் தண்டிப்பது என்று அர்த்தம்.

இரண்டாவது: “வாங்குகிறவர்கள் யோசித்து வாங்கட்டும்.” யோசிக்க வசதி உள்ளவர் பேசும் பேச்சு இது. விசா முடிய ஆறு வாரம் இருக்கும் மாணவி, ஆங்கிலத்தில் ஒப்பந்தம் வாசிக்கக் கஷ்டப்படும் அம்மம்மா, வேலை போன அப்பா, இவர்கள்தான் குழுவில் கேட்கிறார்கள். வேறு எங்கும் கேட்க ஆள் இல்லாததால்தான் அங்கே கேட்கிறார்கள். மிகவும் தேவை உள்ளவருக்கு மிகவும் பழுதான தகவல் போகிறது.

மூன்றாவது: “அவர் எவ்வளவு சமூக சேவை செய்கிறார் தெரியுமா?” இதுதான் எனக்கு மிகவும் கோபம் வருவது. ஊரில் வெள்ளம் என்றால் காசு சேர்ப்பது நல்லது. சேர்த்த காசை விடச் சேர்த்தவரின் படம் பெரிதாக வருகிறது. நிவாரணப் பொதியில் கடையின் பெயர். வாங்கும் ஏழைப் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவரிடம் யாராவது அனுமதி கேட்டார்களா? சில மாதம் கழித்து அதே படம் ஒரு காணி விற்பனைக்கோ ஒரு தேர்தலுக்கோ முன்னுரையாக வருகிறது. எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்ற கணக்கு மட்டும் வராது. பெல் கிப்சனின் அபராதம் முழுவதும் கொடுக்காத நன்கொடையைச் சுற்றித்தான் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். கணக்குக் காட்டாத தொண்டும் விளம்பரம்தான்.

யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை

2025 டிசெம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், யூரியூப், ஸ்னப்சட் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது என்று இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் வட்ஸ்அப் இல்லை. ஆகவே உங்கள் தம்பியின் இன்ஸ்ரகிராம் மூடினாலும், அதே விளம்பரம் அம்மாவின் போன் வழியாகக் குசினிக்கு வரும். சாப்பாட்டு மேசையில் “எல்லாரும் நல்லம் எண்டு சொல்லினம்” என்று அது உங்கள் ரியூஷனாகவோ குடும்பத்தின் சேமிப்பாகவோ மாறும். பூட்டிய குழுவுக்குள் ஒழுங்குமுறை ஆணைக்குழு எட்டிப் பார்க்காது. தமிழில் எழுதினால் இன்னும் பார்க்காது. உள்ளே இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். அதாவது நாங்கள்.

வீட்டில் ஆங்கிலமும் தமிழும் இரண்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். அம்மாவுக்கு வங்கிக் கடிதத்தை மொழிபெயர்த்தவர்கள் நாங்கள். இந்த வேலைக்கும் எங்களை விட்டால் ஆள் இல்லை. செய்ய வேண்டியவை பெரிய விஷயங்களும் இல்லை.

நீங்கள் போய்ச் சாப்பிடாத கடைக்கு நட்சத்திரம் போடாதீர்கள், அது சொந்த மாமாவின் கடையானாலும். மாமா கோபித்தால், கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, “இது என் மாமாவின் கடை” என்று சொல்லி எழுதுங்கள். அது நேர்மையான விளம்பரம். வாசிப்பவர் தானே கழித்துக்கொள்வார்.

காசோ பொருளோ கழிவோ வாங்கினால் முதல் வரியில் தமிழிலேயே சொல்லுங்கள்: “இது விளம்பரம்.” கடைசியில் பதினைந்து ஹாஷ்டாக்குக்கு நடுவில் ஒளித்து வைத்த இரண்டு எழுத்து எதையும் சொல்லாது. நுகர்வோர் சட்டத்தின் மிகப் பெரிய அபராதம் தனிநபருக்கே 2.5 மில்லியன் டொலர் வரை போகும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

அட்மின் உங்கள் அண்ணாவோ அக்காவோ என்றால், மூன்று விதி போடச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு வாரத்தில் ஒரு நாள். விற்பவர் தன் தொடர்பைச் சொல்ல வேண்டும். குறை சொன்ன பதிவை அழிக்கக் கூடாது. விற்பவர் அதற்குப் பதில் எழுதலாம். இந்த மூன்றும் இருந்தால் எங்கள் குழு திரும்பவும் எங்கள் மலரின் கடைசிப் பக்கம் போல ஆகிவிடும். கடைகள் இருக்கும், கோடும் இருக்கும்.

கடைசியாக, கேளுங்கள். “இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?” ஆறு சொற்கூட இல்லாத கேள்வி. மரியாதையாக, எல்லோருக்கும் முன்னால், தமிழில் கேளுங்கள். நேர்மையானவர் உடனே பதில் சொல்வார். சொல்லாதவர் கோபிப்பார். வாய் கூடிப்போச்சு என்பார்கள், குழுவிலிருந்து எடுப்பார்கள், வீட்டுக்குப் போன் வரும். வரட்டும். ஒருவரைத் தூக்கலாம். இருபது பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், அந்த அட்மினுக்குத் தூக்குவதற்குக் குழுவே மிஞ்சாது.